கோதண்டம் வீட்டு டிரேட் டெஸ்ட்

துபாய்க்கு ஆள் எடுக்க ஏஜெண்ட் கோதண்டம் காட்டுப்பாக்கத்தில் டிரேட் டெஸ்ட் நடத்தினார். அதற்காகவே ஒரு மனையும் வாங்கிப் போட்டிருந்தார். எழுபத்தாறாம் வருஷம் ஆடியில் கொத்தனார்களுக்கு டெஸ்ட் வைத்தார், சுவர் எழும்பியது. ஆவணியில் தச்சர்களுக்கு வைத்தார். நிலையும் கதவும் வந்தன. மதில்மேல் பாட்டில் துண்டு பதிக்கத் தெரிந்தவர்களைக்கூடத் துபாய் விட்டுவைக்கவில்லை. துபாய்க்கு என்னென்ன திறமை தேவைப்பட்டதோ அதெல்லாம் அதே வரிசையில் கோதண்டத்தின் வீட்டுக்கும் தேவைப்பட்டது. வந்தவர்கள் கரண்டியும் உளியும் அவரவரே கொண்டுவந்தார்கள். சிமெண்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தால் கொண்டுவந்திருப்பார்கள்.

எத்திராஜ் வெல்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு கம்பெனியில் வேலை. அவன் போட்ட ஜாயிண்ட்டைத் தடவிப் பார்த்தால் எங்கே ஒட்டியது என்று விரலுக்குத் தெரியாது. இதை எல்லோரிடமும் அவனே சொல்வான். துபாய் போகப்போவதையும் அப்படித்தான் சொல்லிவைத்தான். சார்ஜ்மேன் ஆக்குகிறோம் என்று கம்பெனியில் கூப்பிட்டபோது, "அடுத்த மாசம் நான் இங்க இருந்தாத்தானே சார்" என்று சிரித்துவிட்டு வந்தான். சார்ஜ்மேன் பதவி வேறொருவனுக்குப் போனது. அடுத்த மாசம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எஸ்டேட் டீக்கடையில் "துபாய்க்கு ஒரு டீ போடு, ஸ்ட்ராங்கா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வீட்டில் பெண்டாட்டி அங்கம்மா, "இன்னும் எத்தினி ஞாயித்துக்கெழம பரிச்ச எய்துவே? மெட்ரிக்கு பெயிலானவன்கூட இந்நேரம் பாஸாயிருப்பான்" என்றாள். இனி அவன் போயே தீரவேண்டும். இல்லாவிட்டால் ஆவடிக்கு அந்தப்புறம் எங்காவது குடிபோக வேண்டியதுதான்.

முதல் டெஸ்ட்டில் எத்திராஜ் ஹால் ஜன்னலுக்குக் கம்பி போட்டான். கோதண்டம் விரலால் தடவி, கண்ணை மூடி ரசித்தார்.

"தங்கமான கை நைனா. ஆனா ஒரு நூல் அளவுல பூட்ச்சு. துபாய்க்காரன் இன்னும் கொஞ்சம் எதிர்பாக்குறான். வர்ற வாரம் வா."

அடுத்த வாரம் மாடிப்படிக் கைப்பிடி. ஒரு நூல். அப்புறம் பால்கனி. அதிலும் ஒரு நூல். துபாய்க்காரனின் எதிர்பார்ப்பு மாடி ஏறிக்கொண்டே போனது.

கூடவே டெஸ்ட் எழுதியவன் துலுக்கானம். வெல்டிங் ராடைத் தப்பாகப் பிடித்து, சமையலறை ஜன்னலில் பூனை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டவன். ஒரு நாள் அவன் கறுப்புக் கண்ணாடியோடு டீக்கடைக்கு வந்தான்.

"மச்சான், விசா வந்துட்ச்சு. பொதங்கெழம பொம்பாய்க்கு ரயிலு."

"ஒனக்கா? இன்னாடா கத உடுறே?"

"எனக்கே நம்ப முடியல மாமே. ஒன்னியத்தான் அனுப்புவாருன்னு நெனச்சேன். கேட்டுகூட பாத்தேன். 'அவன் பூட்டான்னா வாசல் கேட்ட யாருடா முடிப்பா? நீ மொதல்ல கெளம்பு, இன்னொரு ஜன்னல நீ தொட்டா என் ஊடு தாங்காது'ன்னாரு. நல்ல மன்சன்டா."

எத்திராஜ் டீயைப் பாதியிலேயே வைத்தான். பின்பக்கம் போய்க் கையைக் கழுவினான். ஏதோ ஒட்டியிருப்பதுபோல இருந்தது. மறுபடியும் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். உள்ளே கோதண்டத்தின் குடும்பமும் ஐயரும் ஓமப் புகையும். "கேட்டுக்குத் தாப்பா வெச்சுட்டா டெஸ்ட்டு முடிஞ்சுது நைனா" என்று கோதண்டம் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். எத்திராஜ் தெருப்பக்கம் நின்று கேட்டின் இரண்டு கதவையும் சேர்த்து மூடினான். மேலிருந்து கீழ்வரை இழுத்து வெல்டு வைத்தான். யாரும் தடுக்கவில்லை, டெஸ்ட் நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

விருந்தாளிகள் எவர்சில்வர் பாத்திரப் பரிசுகளோடு வெளியே நின்றார்கள். சமையல்காரர் சாம்பார் அண்டாவோடு வெளியே நின்றார். திருட்டுப் பயத்தால் பின்பக்கம் வழி வைக்கவில்லை. மதில்மேல் பாட்டில் துண்டுகள் மின்னின. அதைப் பதித்தவனும் திறமைசாலி.

"டேய்! இன்னாடா பண்ணி வெச்சிக்கிறே?"

"டெஸ்ட்டு சார். நீங்களே பாருங்க, ஒரு நூலு கூட இல்ல."

பழக்கதோஷத்தில் கோதண்டம் விரலால் தடவினார். சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். அப்படியே குரல் வெண்ணெயாகியது.

"நைனா, நீ பாஸு. ஒன்ன மாதிரி ஆளத்தான் அவன் தேடிகினு கீறான். இத்த ஒரு கீறல் இல்லாம வெட்டி எடுத்துடு, நாளைக்கே ஒன் பாஸ்போட்டு பொம்பாய்க்குப் பூடும். உள்ள ஓமம் எரியுது, பொய் சொல்லுவனா?"

பொய் என்று எத்திராஜுக்குத் தெரியும். காறித் தரையில் துப்பினான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி நடந்தான். தெரு முழுக்க அவனைப் பார்த்தது. கோதண்டம் கம்பிக்குள்ளிருந்து, "தங்கமான கைடா" என்று கூவினார்.

"நெசமாவா சார்?"

கேட்டது தன் குரல்தான் என்று அவனுக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. கோதண்டத்தின் மேல்கூட வராத அருவருப்பு இப்போது தன்மேலேயே வந்தது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, கேட்டுக்குத் திரும்பி வந்து, வெல்டிங் கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அந்த முகத்தை அப்போது யாரும் பார்க்க வேண்டாம் என்றிருந்தது.