கெதினின் இரண்டாவது கொட்டகை

கோழி மீட்கிற எங்களுக்குக் கண்டிப்பான சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பண்ணையிலிருந்து எடுத்தோம் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. பண்ணைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசக் கூடாது. ஒன்றரை வயதில் முட்டை குறைந்துவிட்டால் கோழி அவருக்கு நஷ்டம், அறுப்புக்குக் கொண்டுபோக லாரி வந்துவிடும். அது வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர் அவர்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கள் கதை முடிந்தது. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் தேநீரைக் கையில் கொடுத்து நான் முதலில் சொல்வது இதைத்தான்.

புதிதாகச் சேர்ந்த டாம்சின் என்கிற பெண்ணிடமும் சொன்னேன். "ஐயோ மேவிஸ், இதுகூடத் தெரியாதா எனக்கு?" என்றாள். தெரியும் தெரியும் என்கிறவர்களை நம்பவே கூடாது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வேல்ஸ் எல்லையோரத்தில் இருக்கும் என் வீட்டின் பின்முற்றத்தில்தான் கோழிகள் வந்து இறங்கும். ஜனங்கள் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வரிசையில் நின்று, மூன்று நான்கு என்று வாங்கிப்போய்த் தோட்டத்தில் வளர்ப்பார்கள். பண்ணைக்காரர் கெதின் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அவர் பண்ணையில் இரண்டு கொட்டகை. முதலாவதை ஒரு சனிக்கிழமை காலி செய்தோம், இரண்டாவதை அடுத்த சனிக்கிழமை செய்வதாகப் பேச்சு. அதில் இருந்த அறுநூறு சொச்சத்துக்கும் நான் தொண்டை கட்டும்வரை போனில் பேசி வீடு பிடித்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை டாம்சின் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"மேவிஸ், கொட்டுது மேவிஸ்! நன்கொடை! நாம ரெண்டு வருஷம் கேக் சுட்டு வித்தாலும் இவ்ளோ வராது!"

போனை நீட்டினாள். அவள் இணையத்தில் போட்டிருந்த படத்தில் ஒரு கோழி. கழுத்திலும் முதுகிலும் ஒரு இறகு இல்லை, உரித்துவைத்த மாதிரி இருந்தது. 'டச்சஸ்' என்று சீமாட்டிப் பேர் வேறு வைத்திருந்தாள். 'இந்தக் கொடுமைக்கு முடிவு கட்ட உதவுங்கள்' என்று கீழே எழுதியிருந்தது.

"ஏன்டி, அன்னைக்கு எடுத்ததுல முக்காவாசி இறகோட நல்லாத்தானே இருந்துச்சு. இதைத் தேடிப் புடிச்சியா?"

"நல்லா இருக்கிறதைக் காட்டினா எவன் காசு போடுவான்?"

அவள் சொன்னது பொய்யில்லையே. கோழிப்பேனுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று நான் போன வருடம் தேவாலயத்தில் உண்டியல் வைத்தேன். அதில் விழுந்தது கொஞ்சம் சில்லறையும் ஒரு கால்சட்டைப் பொத்தானும். பேன் மருந்துக்கு யாரும் அழமாட்டார்கள். ஜனங்களுக்கு அழுவதற்கு ஒரு முகம் வேண்டும். முகம் கிடைத்தால் அதை இப்படி ஆக்கினவன் யார் என்றும் கேட்பார்கள். அது இவள் மண்டையில் ஏறவில்லை.

இன்னொரு தரம் படத்தைப் பார்த்தேன். கோழிக்குப் பின்னால் கெதினின் பச்சைத் தீவனத் தொட்டி. அதற்கும் பின்னால் எங்கள் ஊர்த் தேவாலயக் கோபுரம். எந்தப் பண்ணை என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

"எடு அதை. இப்பவே எடு!"

"எடுத்தா காசு நின்னுடும் மேவிஸ்."

"எடுக்கிறியா, இல்ல போனைப் புடுங்கித் தண்ணித் தொட்டியில போடட்டுமா?"

எடுத்தாள். எடுத்து என்ன பிரயோஜனம்? அதற்குள் ஆயிரக்கணக்கான பேர் பகிர்ந்துவிட்டார்கள். எந்த ஊர், யார் பண்ணை என்று எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தும் போட்டுவிட்டான்.

புதன்கிழமை கெதின் கூப்பிட்டார். "சனிக்கிழமை வராதீங்க, மேவிஸ்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் சிவப்புச் சாயத்தில் ஏதோ எழுதியிருந்ததைத் தேய்த்து அழித்த தடம் தெரிந்தது. கெதினின் மனைவி லின் கதவைத் திறந்தாள். அந்த வீட்டில் எப்போதும் நான் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தேநீருக்குக் கெட்டிலைப் போடுவாள். அன்றைக்குப் போடவில்லை. தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு எங்களோடதுதான் கெதின்," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். "எப்படி மன்னிப்புக் கேக்கிறதுன்னே தெரியலை."

"என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேங்கிறா. கொலைகாரன் மகளேன்னு கூப்பிடறாங்களாம். நீங்க பஸ்ஸுல ஏத்தி இறக்கின பிள்ளைதானே மேவிஸ் அவ?"

தலை நிமிரவில்லை எனக்கு. இருந்தாலும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "கோழிங்க என்ன பாவம் பண்ணுச்சு? இப்ப எங்ககிட்ட பணம் இருக்கு. என்ன விலை சொன்னாலும் தரோம்."

அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் போட்டார். "எது, அந்தப் பணமா? என்னைத் திட்டித் திட்டிப் போட்ட பணம் அது! அதை வச்சு என்கிட்டயே கோழி வாங்க வந்துட்டீங்களா?"

லின் அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் தணிந்தார். "நானா வேணாம்கிறேன்? முட்டைக் கம்பெனிக்காரன் சொல்லிட்டான். மீட்கிறவங்க கையில இனி ஒரு கோழி போகக்கூடாதாம். போனா என் முட்டையை எடுக்கமாட்டானாம். லாரி வெள்ளிக்கிழமை விடியக்காலை வருது."

பிறகு அவரே சொன்னார். "கோழியைப் புடிச்சு லாரியில ஏத்தற ஆளுங்க குறைச்சலா இருக்காங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, கால்ல புடிச்சுக் கொத்தாத் தலைகீழாத் தூக்கிட்டுப் போவாங்க. மனசு கேட்டா நீங்க வந்து புடிங்க. நீங்க தூக்கினா நோகாது. ஆனா ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது."

"வரேன்," என்றேன். வேறென்ன சொல்ல?

டாம்சினிடம் சொன்னபோது ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, "பண்ணைக்காரர் நம்மளை உள்ள விடலைன்னு ஒண்ணு எழுதிப் போடட்டுமா? எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றாள்.

"போட்டுத்தான் பாரேன். அப்புறம் என் முற்றத்துல கால் வைக்காத!"

"அப்ப இந்தப் பணத்தை என்ன பண்றது?"

"திருப்பிக் கொடு. எதுக்குக் கொடுத்தாங்களோ அது இல்லைன்னு ஆயிடுச்சுல்ல?"

"திருப்பினா அவங்க மனசு கஷ்டப்படும், மேவிஸ். நல்லது செஞ்சோம்னு சந்தோஷமா இருக்காங்க."

அந்தப் பெண்ணை நான் வெறுக்க முடியவில்லை. அவளும் கோழிக்காகத்தான் செய்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, அவள்மேல் பாவமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை இன்னும் வெளுக்காதபோதே போய்விட்டேன். கொட்டகைக்குள் மங்கலான நீல விளக்கு. அந்த வெளிச்சத்தில் கோழி மிரளாது. ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. இறக்கையை அணைத்து, நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்து, இரண்டு பக்கமும் இடுக்கிக்கொண்டு இரண்டிரண்டாகத் தூக்கினேன். அப்படித் தூக்கினால் கோழி அடங்கிவிடும். அடித்தொண்டையில் மெதுவாகக் கொக்கரிக்கும், சிலது கண்ணையே மூடிக்கொள்ளும். இத்தனை வருடமும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு குளிரும். அன்றைக்கு அது என்னைக் கொன்றது. பத்திரமான கை என்று நம்பித்தானே கண்ணை மூடுகிறது? அந்தக் கையாலேயே லாரிக் கூடைக்குள் வைத்தேன். இறக்கை மாட்டாமல் பார்த்துப் பார்த்து மூடினேன். லாரிக்காரன், "இவ்ளோ பதமா ஏத்தி நான் பார்த்ததே இல்லைம்மா," என்றான். அவனை அறையலாம் போல இருந்தது.

பொழுது நன்றாக விடிந்துவிட்டது. ஆட்கள் புகைபிடிக்கப் போய்விட்டார்கள், லாரிக்காரன் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான். கொட்டகையின் மூலையில் ஒரே ஒரு கோழி ஒளிந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொண்டு வந்தேன். கெதின் என்னைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் லாரியின் அந்தப் பக்கம் போனார். போனவர் திரும்பி வரக் காணோம்.

நான் போட்டிருந்தது என் வீட்டுக்காரரின் பழைய கோட்டு. ஒன்றென்ன, இரண்டு கோழியை உள்ளே மறைக்கலாம். கையிலிருந்த கோழி என் இடுப்போடு ஒட்டிக்கொண்டு சூடாக இருந்தது. என்னைச் சோதிக்கத்தான் போயிருக்கிறாரோ என்று நினைத்தேன். ஒரு தடவை வாக்கை மீறின கூட்டம் நாங்கள். இப்போதும் மீறினால் இந்தக் கதவு இனி எப்போதும் திறக்காது. அடுத்த வருடம் இதே கொட்டகையில் வேறு கோழிகள் இருக்கும், அதற்குள் கம்பெனிக்காரன் கோபம் ஆறியும் போகலாம். அதையெல்லாம் யோசித்து, கடைசிக் கூடையைத் திறந்து அவளையும் உள்ளே வைத்தேன். கூடையின் தாழைப் போட்டேன்.

லாரி கிளம்பித் திருப்பத்தில் மறைந்தது. கெதின் வந்தார். என் கையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"எங்க அது?"

"ஏத்திட்டேன். நீங்கதானே ஒண்ணுகூடக் கூடாதுன்னீங்க."

அவர் முகம் கோணிப்போயிற்று. "அடக் கடவுளே, மேவிஸ். அதுக்குத்தான் நான் அந்தப் பக்கம் போய் நின்னேன். இனிமே எந்த வருஷமும் அந்தக் கம்பெனிக்காரன் உங்களை விடப்போறதில்லை. ஒண்ணையாவது எடுத்துட்டுப் போவீங்கன்னு நினைச்சேன்."

இரண்டு பேரும் காலிக் கொட்டகை வாசலில் நின்றோம். லின் சமையலறையிலிருந்து தேநீருக்குக் கூப்பிட்டாள்.