உள்ளோரம் தேய்ந்த சக்கரம்

வேலையிடத்தில் அவரை எல்லோரும் ‘மில்லி’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்பவர்கள் பாட்டிலில் வரும் மில்லியை நினைத்துக்கொண்டு ஒரு மாதிரி பார்ப்பார்கள். மனிதர் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. பழைய கார்களை வாங்கி விற்கும் கடையில், டயரில் எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் மிச்சமிருக்கிறது என்று அளந்து சொல்வது அவர் வேலை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அன்று அவர் மனைவிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். “சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க” என்று டாக்டர் சொன்னாரே, அப்போதுதான் அவருக்குப் பயமே பிடித்தது. சொன்ன நேரம் தாண்டியும் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், கதவுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்து நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

“அத்தான், நீங்க நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது” என்றாள் மச்சினி. “கீழ போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க. ஏதாவதுன்னா நான் போன் பண்றேன்.”

கீழே வரிசையாகக் கார்கள். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பேனா அளவில் ஒரு கேஜ். அதன் ஊசியை டயரின் பள்ளத்தில் இறக்கினால் ஆழம் தெரியும். முதல் காரின் அருகில் குந்தினார். ஆறு. அடுத்தது நாலரை. எண்ணைப் பார்க்கிற அந்த நொடி மட்டும் நெஞ்சின் படபடப்பு நின்றது. எழுந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. அதனால் அடுத்த காருக்குப் போனார்.

“யோவ்! டயரைக் கழட்டப் பார்க்கிறியா?” காவலாளி விசிலோடு ஓடி வந்தார்.

“இல்லைங்க, அளந்து பார்க்கிறேன்.”

“யாரு அளக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. மேல என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் நடக்குது.”

“அதுக்கும் டயருக்கும் என்னய்யா சம்பந்தம்?”

அதற்குள் மில்லியின் கண் பக்கத்துக் காரில் நின்றுவிட்டது. அதன் முன்சக்கரம் ஒருபக்கமாகத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்ததால் உள்ளோரம் தெரிந்தது. ஊசி இறங்கவே இடமில்லை, மொழுமொழுவென்று மொட்டை.

அப்போதுதான் சாவியோடு ஒரு இளைஞன் வந்தான். மருத்துவமனை வாசலில் அவன் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள்.

“தம்பி, இதுல போகாதீங்க.”

“தள்ளுங்க சார். குழந்தை வெயில்ல நிக்குது.”

“வெளிய பார்த்தா நல்லாத்தான் இருக்கும். உள்பக்கம் தடவிப் பாருங்க.”

அலுத்துக்கொண்டே தடவியவன் சட்டென்று கையை உதறினான். தேய்ந்த ரப்பருக்குள்ளிருந்து நீட்டிய கம்பி குத்தியிருந்தது. “அவளுக்கு வலி எடுத்தப்போ இதுலதான் சார் பறந்து வந்தேன்” என்றான். முகம் வெளுத்துவிட்டது.

மாற்றுச்சக்கரம் இருந்தது, மாட்டத்தான் அவனுக்குத் தெரியவில்லை. மில்லி ஜாக்கியை வாங்கிக்கொண்டார். காவலாளி தன் நாற்காலியைத் தூக்கிப்போய்ப் பிள்ளைக்காரியை நிழலில் உட்காரவைத்தார். பாதி நட்டுகள் ஏறியிருந்தபோது போன் அடித்தது.

“அத்தான், அக்காவை வெளிய கொண்டு வந்துட்டாங்க. எங்க இருக்கீங்க?”

“ஓடுங்க சார், மிச்சத்தை நான் முடுக்கிக்கிறேன்” என்றான் இளைஞன்.

“நீ கோணலா முடுக்கிடுவ, சும்மா இரு!” கத்திவிட்டார். கடைசி நட்டு வரை முடுக்கினார். அவன் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் படியில் ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

“கல்லு நல்லா ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம், அதான் லேட்டு. இனிமே பயமில்லையாம்” என்றாள் மச்சினி.

மனைவி அரைக்கண் திறந்தாள். “எங்க போனீங்க?”

“இங்கதான் இருந்தேன்.”

“டயர் நாத்தம் அடிக்குதே.”

கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“யாரு வண்டி?”

“தெரியல. குழந்தை இருந்துச்சு…” அதற்குள் அவள் கண்ணயர்ந்திருந்தாள்.

“முதல்ல போய்க் கையைக் கழுவுங்க சார்” என்றாள் நர்ஸ்.

“இதோ போறேன்” என்றார். போகவில்லை.