வந்துக்கிட்டே இருக்காங்க

வெள்ளம் புகுந்த ஊருக்கு உதவி என்றால் படகு போகும், போர்வை போகும், சாப்பாட்டுப் பொட்டலம் போகும். போன் எடுக்க ஆள் போகும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அவசர அழைப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே? அவர்கள் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தானே? அதற்காகவே சுற்றுவட்டார அழைப்பு அறைகளுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஓர் ஊர் மூழ்கினால் இன்னோர் ஊரிலிருந்து நாலு பேர் அவரவர் ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அப்படி ஓடி வந்த நாலு பேரில் ஒருத்திக்குத் தாலாட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. பற்றி எரியும் வீட்டிலிருந்து அலறுகிறவர்கள்கூட அவள் குரலைக் கேட்டால் அடங்கி, ஒழுங்காக விலாசம் சொல்வார்கள். அந்தக் குரல் மேல் அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்தான். கிளம்பும்போது மகள் கேட்டாள்:

"எப்பம்மா வருவே?"

"இதோ வந்துடுவேன்டா கண்ணு."

"நீ எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வே," என்றது அந்த வாண்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. வேன் ஏறிய பிறகும் அந்தச் சொல் தாலாட்டின் காதிலேயே இருந்தது.

வந்து சேர்ந்த அறையில் காற்று இல்லை. ஈரச் செருப்பும் ஆறிப்போன டீயும் கலந்து ஒரு வாடை. சுவர்த் திரையில் காத்திருக்கும் அழைப்புகள் சிவப்பாக ஏறிக்கொண்டே இருந்தன. நான்கு உள்ளூர்க்காரர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். எழுந்தார்களே தவிர, போகவில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று, புது ஆள் என்ன பேசுகிறாள் என்று காதைத் தீட்டினார்கள்.

அறையின் பொறுப்பாளர் அக்காவுக்குக் கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. வீட்டுக் கீழ்த்தளம் தண்ணீருக்குள் போய்விட்டதாம். அதைச் சொல்லக்கூட அவருக்கு நேரம் இல்லை.

"மத்ததெல்லாம் உங்க ஊர் மாதிரிதான். ஒண்ணே ஒண்ணு. 'வந்துக்கிட்டே இருக்காங்க'ன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. 'பதிவு பண்ணிட்டோம், மேல் மாடியிலயே இருங்க'. அதோட நிறுத்திக்கணும்."

"சரிக்கா," என்றாள் தாலாட்டு. மனசுக்குள், என்ன கல்நெஞ்சம் இது, என்று நினைத்துக்கொண்டாள். பொறுப்பாளர் மூலையில் இரண்டு நாற்காலிகளை இழுத்துச் சேர்த்துச் சாய்ந்தார். சாய்ந்தவுடன் குறட்டை.

அழைப்புகள் மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை. டயாலிசிஸ் போக வேண்டிய அப்பா. மின்கம்பத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் காவலாளி. நடுநடுவே ஒரு மனிதர், தெருவில் நிறுத்திய புதுக் காரைக் கயிறு கட்டி இழுக்க வண்டி அனுப்பச் சொல்லி விடாமல் கூப்பிட்டார். அறை முழுக்க அவரைத் தெரியும். தொண்டை அப்படி. 'ஹாரன் வந்துட்டார்' என்பார்கள், ஹெட்போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார்கள், வைத்துவிடுவார்கள். தாலாட்டும் ஒருமுறை வைத்தாள். "நாசமாப் போவீங்க" என்று அவர் வாழ்த்தியது வைத்த பிறகும் காதில் ரீங்கரித்தது.

பொழுது மெல்ல உச்சிக்கு ஏறியது. அவளால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. நாற்காலி நுனியில் இருந்துகொண்டு முழங்காலை ஆட்டிக்கொண்டே பேசினாள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் அழைப்பு வந்தது. முதல் மாடி. மாமியாரும் கைக்குழந்தையும் கூட. பால் பவுடர் தீர்ந்துவிட்டது.

"மேடம், யாராவது வருவாங்களா மேடம்? சொல்லுங்க மேடம்." குரல் உடைந்தது. பின்னால் குழந்தை வீறிட்டது.

தாலாட்டு விலாசத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். கை தன் வேலையைச் செய்தது, நாக்கு தன் வேலையைச் செய்தது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு அழைப்பையும் முடித்த அதே வாக்கியம், அதே இதமான குரலில், தானாக வழுக்கி வந்தது.

"பயப்படாதீங்கம்மா. வந்துக்கிட்டே இருக்காங்க."

"ஐயோ, நல்லா இருப்பீங்க மேடம்! அப்ப நாங்க கீழ போயி வாசல் கேட் கிட்ட நிக்கிறோம். படகு எங்களைத் தேடி அலைய வேண்டாம்ல."

"இல்லம்மா, இருங்க—"

லைன் போய்விட்டது.

திருப்பிக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் கூப்பிட்டாள், அதே இயந்திரக் குரல். படகுகளை அனுப்பும் மேசைக்கு ஓடினாள்.

"அந்தத் தெருவா? இப்போதைக்கு எதுவும் இல்லைங்க," என்றார் அங்கே இருந்தவர், தலையை நிமிர்த்தாமல். "மேல அணையைத் திறந்துட்டாங்க. தண்ணி இன்னும் ஏறும்."

அவளுடைய ஊரில் அந்த வாக்கியம் சத்தியம். சொல்லி முடிப்பதற்குள் சைரன் கேட்கும். இங்கே அது பொய். அதுவும் எப்படிப்பட்ட பொய்! வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெண் நம்பாமல் மாடியிலேயே இருந்திருப்பாள். தாலாட்டு சொன்னதால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறாள்.

திரை வரைபடத்தில் அந்தத் தெருவைப் பெரிதாக்கினாள். காத்திருக்கும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு புள்ளி. அந்த வீட்டுக்கு நேர் எதிரே ஒரு புள்ளி. தொட்டுப் பார்த்தாள். ஹாரன்.

"என்ன, இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?" என்று எடுத்தவுடனே முழங்கினார். "வண்டி அனுப்புறீங்களா இல்லையா? கார் மிதக்க ஆரம்பிச்சிடுச்சு!"

"சார், கார் இல்ல சார். எதிர் வீட்டைப் பாருங்க. வாசல் கேட் கிட்ட யாராவது நிக்கிறாங்களா?"

"நான் என்ன கேட்கிறேன், நீங்க என்ன—" நிறுத்தினார். கதவு திறக்கும் சத்தம், தண்ணீரின் இரைச்சல். அவர் குரல் மாறிவிட்டது. "அடப்பாவமே. ஒரு பொண்ணு. இடுப்பளவு தண்ணி. பெரியம்மா படியில குழந்தையோட நிக்குது. இது ஏன் இறங்குச்சு?"

"நான்தான் சார். படகு வருதுன்னு சொல்லிட்டேன். வரல. அணையைத் திறந்துட்டாங்க. மேல போகச் சொல்லுங்க சார், உங்க காலைத் தொட்டுக் கேட்கிறேன்."

அவர் கத்தினார். ஹெட்போன் அதிர்ந்தது.

"போக மாட்டேங்குது," என்றார் மூச்சிரைக்க. "போன்ல மேடம் சொன்னாங்க, வந்துக்கிட்டே இருக்காங்களாம், நீங்க சும்மா இருங்கங்குது."

தாலாட்டு கண்ணை மூடினாள். பின்னால் நின்ற உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்த மேடம் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க சார். சத்தமா சொல்லுங்க."

தெருவே கேட்கும்படி கிளம்பியது அந்தத் தொண்டை.

"ஏம்மா! அவ சொன்னது பொய்யாம்! அவளே சொல்றா! படகு கிடையாது! தண்ணி ஏறுது, மேல போ! பிள்ளையப் பாரு, மேல போ!"

அறையில் எல்லோருக்கும் கேட்டது. மூலையில் பொறுப்பாளர் கண் விழித்துவிட்டார். எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், பக்கத்து மேசை ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாலாட்டுக்கு வர வேண்டிய அழைப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சார்? சார், என்னாச்சு?"

"இருங்க." தண்ணீர்ச் சத்தம் மட்டும். "திரும்பிட்டா. கிரில்லைப் பிடிச்சிட்டா... படி ஏறுறா. பெரியம்மாவும் போகுது." இன்னும் கொஞ்ச நேரம் இரைச்சல். "மாடிக்குப் போயிட்டாங்க. ஜன்னல்ல தெரியுது. என்னைத் திட்டுறா போல."

தாலாட்டுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"உங்க கார் சார்?"

"கத்திக்கிட்டு இருக்கும்போதே போயிடுச்சு." தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவு பெரிய குரல் முதல்முறையாகச் சாதாரண மனிதனுடையது போல் ஆனது. "நான் மட்டும்தான் இருக்கேன் வீட்ல. எனக்கு எப்பம்மா படகு வரும்?"

அந்த வாக்கியம் நாக்கு நுனியில் மறுபடியும் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"தெரியல சார். பதிவு பண்ணியிருக்கேன். எப்ப வரும்னு நிஜமாவே தெரியல."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை.

"சரி," என்றார். "அப்ப நான் இங்க பால்கனியிலயே நிக்கிறேன். அந்தப் பொண்ணு மறுபடி இறங்குனா கத்தணும்ல."