கோயில்பிள்ளையின் இரண்டாம் விருந்து

ஆகஸ்ட் 15. இன்று ஒரு சிறு பிழை செய்தேன்: தாயும் தமையனும் பசியோடு காத்திருக்க, என் பிறந்தநாள் விருந்தில் என் பங்கை நான் மட்டும் முந்தி உண்டு முடித்தேன். சிறு பிழைதானா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. ஆதலால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். படிக்கும் பெருந்தகையீர் தீர்த்துச் சொல்லுக.

இரவெல்லாம் பெய்த மழை கழுவிவிட்ட கூரைகளின்மேல் மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவின் விடியல் புதுத்துணி விரித்தாற்போல் வெளுத்து இறங்க, கோபுரத்துப் புறாக்கள் முதல் மணியோசைக்கு அஞ்சி எழுந்து, வட்டமிட்டு, அதே விளிம்பில் மீண்டும் வந்து அமர, தெருவெங்கும் மடிப்புக் கலையாத ஆடைகள் ஆலயத்தை நோக்கி ஆறுபோல் ஒழுகின. அந்த மணியை இழுத்தவர் என் தந்தை. அவர் அவ்வாலயத்தின் கோயில்பிள்ளை. திரி ஏற்றுவதும், திருவுடை மடிப்பதும், கதவடைப்பதும் அவர் கடமை. ஊருக்குத் திருவிழா என்றால் அவருக்கு ஓயாத வேலைநாள். நானோ அப்பெருவிழா நாளிலேயே வந்து பிறந்தவள். ஆகவே ஆண்டுதோறும் என் பிறந்தநாள் கோழி வறுவல் ஆறி அடங்கிய பின்னரே அவர் வீடு வந்து சேர்வார். அவர் வருமுன் எவரும் தட்டைத் தொடலாகாது என்பது அன்னையின் சட்டம்.

இருபத்தொன்றாம் பிறந்தநாளிலேனும் நால்வரும் சூடான உணவின்முன் ஒன்றாய் அமரவேண்டும் என்று உறுதி பூண்டு, வேலை முடிந்து நான் படிக்கும் மாலை வகுப்பில் கற்ற முறைப்படி ஓர் அட்டவணை வரைந்தேன். ஒன்பதுக்குப் பூசை முடிவு, பத்தரைக்குக் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு, பதினொன்றேகாலுக்குத் திரி அணைத்தல், பன்னிரண்டுக்குக் கதவடைப்பு, பன்னிரண்டரைக்கு விருந்து. தந்தையும் அதைப் படித்துத் தலையசைத்திருந்தார்.

மின்பணி செய்யும் அண்ணன் அதை எட்டிப் பார்த்து, “ஏய் பட்டியல், அப்பா தும்முறதுக்கு நேரம் போடலையே?” என்றான்.

நான் சிரிக்கவில்லை, மெய்யாகவே ஐந்து நிமிடம் சேர்த்தேன்.

பன்னிரண்டரையும் வந்தது, தந்தை வரவில்லை. பொன்னிறக் கோழியின்மேல் எழுந்த ஆவி, சொல்ல வந்ததை மறந்தவன் பேச்சுப்போல் மெல்லக் குறைந்து நின்றது. கேக்கின்மேல் அம்மா வைத்த வெண்ணெய்ப் பூக்கள் வெக்கையில் தலை சாய்ந்தன. ஒன்று அடித்தது, ஒன்றரையும் அடித்தது.

“பசி காதை அடைக்குதும்மா.”

“தண்ணி குடிடா,” என்றாள் அம்மா, இருபது ஆண்டாகச் சொல்லும் அதே குரலில்.

இரண்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்கு ஓடினேன். கதவுகள் பூட்டிக் கிடந்தன. பின்னாலிருந்த, பாதிரியார் தங்கும் பங்கு இல்லத்துச் சமையலறையில் சிரிப்பொலி கேட்கவே, சன்னல் வழியே நோக்கினேன். சட்டைக்கையை மடித்துவிட்டு, சமையல்காரருக்கு எதிரே அமர்ந்து, நிறைந்த தட்டின்மேல் குனிந்தவாறு என் தந்தை உண்டுகொண்டிருந்தார்!

“இன்னொரு துண்டு வைக்கட்டா?”

“ஐயோ, வேணாம்யா. வீட்ல போய் வேற சாப்பிடணும். பொண்ணுக்குப் பிறந்தநாள். போன வருஷமே மூச்சு முட்டிப்போச்சு.” சற்றே எண்ணிப் பார்த்து, “சரி, சின்னதா வை,” என்றார்.

வீடு திரும்பினேன். கோழியின் காலைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினேன்.

“என்னடி இது, அப்பா வரல?”

“எனக்குப் பசிக்குது.”

அண்ணனும் கையை நீட்டினான். அம்மாவின் விழியைக் கண்டு, நீட்டிய கையால் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு வாசலில் குரல் கேட்டது. “அடேங்கப்பா, என்ன பசி, என்ன பசி!” வந்து அமர்ந்தவர் என் தட்டிலிருந்த எலும்புகளைக் கண்டு அடங்கினார். “நீ சாப்பிட்டுட்டியாம்மா?”

‘நீங்களுந்தானே அப்பா’ என்னும் சொல் நாவின் நுனிவரை வந்து, அவர் மணிக்கட்டில் உறைந்திருந்த மெழுகுத் துளியைக் கண்டு திரும்பிற்று. அவரோ, மூட்டை சுமப்பவர் படியேறுவதுபோல், நின்று நின்று, மூச்சு வாங்கி, கவளம் கவளமாக அவ்விரண்டாம் விருந்தை உள்ளே ஏற்றினார்.

பாத்திரம் துலக்கும்போது கண்டதையெல்லாம் அன்னையிடம் கொட்டினேன். அவள் கை ஓயவில்லை.

“எனக்குத் தெரியாதாக்கும்? நீ பொறக்குறதுக்கு முன்னாடியே தெரியும். சட்டையில குழம்பு வாசம் வருமே.”

“அப்புறம் எதுக்கும்மா எங்களப் பட்டினி போடுறே?”

“நாம காத்திருக்கோம்னுதான் மூணு மணிக்காவது வர்றாரு. சாப்பிட்டாச்சுன்னு தெரிஞ்சா, சாயங்கால மணியையும் அடிச்சுட்டுத்தான் வருவாரு.”

அவ்விடை என் சினத்தைத் தணிக்கவில்லை. ஒருவர் பசித்திருந்து அன்பு காட்ட, ஒருவர் பசியின்றி உண்டு அன்பு காட்ட, இடையே ஆறிப்போனது என் பிறந்தநாள். ஆறிய கறியைச் சூடாக்க அடுப்பு உண்டு. ஆறிப்போன இருபத்தோர் ஆண்டுகளை எவ்வடுப்பில் ஏற்றுவது? என் அட்டவணையில் மணிக்கணக்குப் பிசகவில்லை. வயிறு நிறைந்தவருக்கு வீடு தொலைவு என்பதைத்தான் அதில் எழுதாது விட்டேன்.

நாளை செய்யவேண்டியது: வேலைக்குப் போகுமுன் பங்கு இல்லத்துச் சமையல்காரரைப் பார்த்து, செப்டம்பர் எட்டாம் நாள், மாதாவின் பிறந்தநாள் திருவிழாவன்று, எங்கள் அப்பாவுக்குத் தட்டு வைக்கவேண்டாம் என்று சொல்வது.