உடைக்க வேண்டிய குடம்

தம்பியின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான் ஜெகதீஸ்வரன். வெளியே பந்தலில், கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா பொன்னாத்தாள் படுத்திருந்தாள். எடுக்கும் முன்னாலேயே என்னடா மூட்டை கட்டுகிறாய் என்று அவள் உயிரோடு இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பாள். அவனுக்கு அப்படித்தான். கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும்.

கோயமுத்தூரிலிருந்து காரில் வரும்போதே மனைவியும் அவனும் பேசி முடித்துவிட்டார்கள். மாடி அறையைத் தம்பிக்கு ஒழித்துக் கொடுத்துவிட வேண்டியது. கட்டில், டிவி, வேளைக்குச் சோறு. இனி அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தம்பி தமிழரசு வாசற்படியில் வந்து நின்று பையைப் பார்த்தான். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். முப்பது வயது தாண்டியவனை ஊரில் பாதிப்பேர் இன்னும் கன்னத்தைக் கிள்ளித்தான் பேசுவார்கள்.

"நீலச் சட்டை எங்கண்ணா?"

"கம்பெனிச் சட்டையா? அங்க எதுக்குடா அது?"

தமிழரசு பந்தலுக்குப் போய், அம்மாவின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். விடிகாலையில் அம்மா எழுந்திருக்கவில்லை என்றதும் அண்ணனுக்குப் போன் போட்டவனும் அவன்தான். அதே கையோடு, தான் வேலை பார்க்கிற முட்டைக் கம்பெனிக்கும் போட்டு லீவு சொல்லிவிட்டான்.

அந்த வேலை லேசில் கிடைத்ததில்லை. பயிற்சி மையம் என்ற பெயரில் அவனையும் அவனைப் போன்ற சிலரையும் உட்கார வைத்து, கவர் ஒட்டச் சொல்லி, சாயங்காலம் டீயும் பன்னும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் எல்லாரும் சேர்ந்து நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்கே போய் நின்றுவிட்டார்கள். "டீயும் பன்னும் வேண்டாமுங்க. வேலை குடுங்க. மத்தவங்களுக்குக் குடுக்கற சம்பளத்தையே எங்களுக்கும் குடுங்க" என்று மைக்கில் சொன்னது தமிழரசுதான். நாக்கு கொஞ்சம் புரளும். ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்த பொன்னாத்தாள் அன்று வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அதே கதையை வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஊரையே அலுக்க வைத்துவிட்டாள்.

மத்தியானம் தாய்மாமன் தங்கசாமி ஜெகதீஸ்வரனைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள, கொள்ளி நீயே வெச்சிரு. அதான் பாந்தம்."

அவர்கள் குடும்பத்தில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். அப்பாவுக்கு ஜெகதீஸ்வரன் வைத்தாயிற்று.

"இது தம்பி முறைங்களே மாமா."

"முறைதான், யாரு இல்லைன்னா? குடத்தைத் தூக்கிச் சுத்தி வரோணும். அத்தனை சனத்துக்கு முன்னால கீழ போட்டுட்டான்னா? பாவம், சின்னப் புள்ளையாட்ட."

"நான் சின்னப் புள்ளை இல்லீங்க மாமா." தமிழரசு பின்னால் நின்றிருந்தான். "எங்கம்மாவுக்கு நாந்தான்."

குரலில் கோபமே இல்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனார்.

எடுக்கிற நேரத்துக்குக் கம்பெனி வேன் வந்தது. தொழிலாளி வீட்டுச் சாவென்றால் பெரிய மாலையோடு எல்லாரும் வருவது அங்கே வழக்கம். சூப்பர்வைசர் சந்திரசேகர், பக்கத்து மேஜைக்காரி சென்னியம்மாள், தமிழரசுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த அவன் கூட்டாளி அறிவு. அறிவுக்கும் டவுன் சிண்ட்ரோம்; தமிழரசின் முகஜாடைதான். அவன் வந்து நின்று, பெரிய மனிதன்போலத் தமிழரசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். சந்திரசேகர் மாலையைத் தமிழரசிடம்தான் கொடுத்தார். ஜெகதீஸ்வரன் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான்.

மோகனூர்க் காவிரிக் கரை. மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் தமிழரசு தோளில் மண்குடத்தோடு சிதையைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் நாவிதர் குடத்தில் ஒரு ஓட்டை போட்டார். தண்ணீர் முதுகில் வழிந்தது. கடைசிச் சுற்றும் முடிந்தது.

"திரும்பிப் பாக்காம பின்னால போட்டுருங்க சாமி" என்றார் நாவிதர்.

தமிழரசு போடவில்லை. குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"போடுங்க சாமி."

கூட்டம் முணுமுணுத்தது. "அப்பவே சொன்னேன்" என்றார் மாமா. ஜெகதீஸ்வரன் குடத்தைத் தானே வாங்கிப் போட்டுவிட எட்டு வைத்தான்.

"வேண்டாண்ணா. உடைஞ்சிரும்."

அப்போதுதான் ஜெகதீஸ்வரனுக்கு உறைத்தது. தம்பி தினமும் போனில் முதலில் சொல்வது அதைத்தான்: இன்னைக்கு ஒண்ணுகூட உடையலண்ணா. சரிடா சரிடா என்று இவன் எதையோ பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வான். நாள் முழுக்க முட்டையை விளக்கில் காட்டிப் பார்த்து அட்டையில் அடுக்குகிற கை அது. கீழே விடக் கூடாது என்று பழகிய கை. அந்தக் கையைப் போய்ச் சின்னப்பிள்ளைக் கை என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"தமிழு, இது உடைக்கறதுக்குன்னே வாங்குனதுடா. அம்மாவுக்காக நீதான் உடைக்கோணும்."

தமிழரசு கொஞ்சம் யோசித்தான். "செரி" என்றான். கையை விட்டான்.

சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நாவிதர் நீட்டிய கொள்ளியை முதுகுக்குப் பின்னால் வாங்கி, சொன்னபடி வைத்துவிட்டு நேரே நடந்தான். கூட நடந்த அண்ணனிடம் தணிந்த குரலில் கேட்டான்.

"உடைஞ்ச சில்லெல்லாம் யாரு கூட்டுவாங்க? கம்பெனில உடைச்சவங்கதான் கூட்டோணும்."

ஜெகதீஸ்வரனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஆற்றங்கரையில் கொட்டித் தீர்ந்தது. தமிழரசு அண்ணனின் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

குளித்துக் கரையேறும்போது சந்திரசேகர் வந்தார். "எப்பங்க வேலைக்கு அனுப்புவீங்க?" என்று ஜெகதீஸ்வரனிடம் கேட்டார்.

அவன் வாயைத் திறக்கும் முன் தமிழரசு சொன்னான். "கருமாதி முடிஞ்சதும் வாரேனுங்க சார். அடுத்த மாசம் சேலத்துல எங்க கூட்டம். நாந்தான் பேசோணும், வேலை இல்லாத எங்காளுகளுக்காக. அதுக்கொரு நாள் லீவு வேணுமுங்க."

"தனியா எப்படிடா இருப்ப?" என்றான் ஜெகதீஸ்வரன்.

"சோறு ஆக்குவேன். சென்னியம்மாக்கா பக்கத்து ஊடு. நீ ஞாயித்துக்கெழம வா."



வீட்டுக்கு வந்தபோது பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கொல்லைப்புறக் கொடியில் நீலச் சட்டை கிடந்தது. நேற்று சாயங்காலம் அம்மா துவைத்துப் போட்டது. நன்றாகக் காய்ந்திருந்தது. ஜெகதீஸ்வரன் அதை எடுத்து உதறினான். உள்ளே பை திறந்தபடி இருந்தது. அதைத் தாண்டிப் போய், கதவுக்குப் பின்னால் அம்மா வழக்கமாக மாட்டுகிற ஆணியில் சட்டையை மாட்டினான்.