மடி உதறாத நாள்

1

இந்தக் கதை எனக்குக் கறம்பக்குடி பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டிலிருந்த ஒரு அம்மாள் தன் தோழியிடம் சொன்னார்: "முந்திரிக் கம்பெனியில இருந்த அத்தன வருசத்துல, மடிய உதறிக் காட்டாம வெளிய வந்தது ஒரே ஒரு நாளுதான்." அதற்குள் அவர் ஊர் வந்து இறங்கிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மீதியை நானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

2

1962. அந்தி மயங்கும் வேளையில் செவந்தி தன்னந்தனியாக—

(வேண்டாம். காலை பதினோரு மணி, சுள்ளென்ற வெயில். தனியாகவும் இல்லை. உள்ளே நூற்றிருபது பெண்கள் கொட்டை உடைக்கிறார்கள், பக்கத்திலேயே வறுக்கிற அடுப்பு எரிகிறது.)

செவந்தி உடைப்பதில்லை. வெளியே போகிறவர்கள் பருப்பை ஒளித்து எடுத்துப் போகாமலிருக்க, கேட்டில் நின்று மடியைச் சோதிப்பது அவள் வேலை. அதனாலேயே அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். அந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

[மூன்று பிள்ளைகள் என் கைச்சரக்கு. முதலில் இரண்டு என்றுதான் எழுதினேன், பயம் போதவில்லை.]

3

தீ ஒத்திகை நடத்த வேண்டும், மூன்று நிமிஷத்தில் எல்லோரும் வெளியே வர வேண்டும் என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் உத்தரவு. மேனேஜர் ஆத்மநாதன், மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைத் தானே தட்டி, "தீ! தீ! ஓடுங்க!" என்று கத்தினார்.

பெண்கள் ஓடிவந்தார்கள். கேட்டுக்கு வந்ததும் வரிசையில் நின்று கையைத் தூக்கிக்கொண்டார்கள். செவந்தியும் ஒவ்வொரு மடியாகத் தடவி அனுப்பினாள். அரை மணி நேரம்!

"நெசத் தீயா இருந்தா இந்நேரம் வறுபட்டுப் போயிருப்பீங்க!" என்று குதித்தார் ஆத்மநாதன்.

"வறுபட்டாலும் சோதிச்சுத்தானங்க விடுவீங்க?" என்றாள் வரிசையில் நின்ற இருளாயி.

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து இரண்டு சுற்று நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.)

4

ஆத்மநாதன் செவந்தியைக் கூப்பிட்டார். "ஒத்திகைன்னா முன்னாடியே சொல்லுவேன். அன்னிக்கு மட்டும் சோதிக்காம விடு. சொல்லாம மணி அடிச்சா, எவளோ பருப்போட நழுவப் பாக்குறான்னு அர்த்தம். சோதிக்காம விட்டே, ஒனக்கு வேலை இல்ல."

"அப்ப நெசமாத் தீப்பிடிச்சா, முன்னாடியே சொல்லிருவீங்களாங்கய்யா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை வருகிறார் என்று மட்டும் சொன்னார்.

5

செவ்வாய்க்கிழமை. யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தண்டவாளம் அலறியது.

பெண்கள் ஓடிவந்து வரிசை கட்டினார்கள். செவந்தி எட்டிப் பார்த்தாள். அடுப்புக் கொட்டகையில் புகை. அங்கே என்றைக்குத்தான் புகை இல்லை?

முடிவு ஒன்று: நெசத் தீ. எல்லோரும் பிழைக்கிறார்கள், ஆத்மநாதன் கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டு— (அடித்துவிட்டேன். அவர் கும்பிடுகிற ஆளில்லை.)

முடிவு இரண்டு: தண்டவாளத்தை முட்டியது ஒரு வெள்ளாடு. அன்று மாலையே செவந்திக்கு வேலை— (இதை எழுதக் கை வரவில்லை.)

முன்னால் இருளாயி கையைத் தூக்கி நிற்கிறாள். செவந்தியின் கை மடிவரைக்கும் போயிற்று. பிறகு திரும்பி, இரட்டைக் கதவையும் விரியத் திறந்தது.

"கையக் கீழ போடுங்கடி! ஓடுங்க!"

நூற்றிருபது பேரும் முந்திரித் தோப்பு வரைக்கும் ஓடினார்கள். கடைசி ஆள் போகும்வரை செவந்தி கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். ஐயோ, எழுதும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது.

6

தீயா, ஆடா? சொல்லமாட்டேன். தெரிந்துகொண்டா அவள் கதவைத் திறந்தாள்? அவளுக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியவேண்டாம். ஆத்மநாதன் அதோ வேகமாக வந்துகொண்டிருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் அவள் பக்கத்தில் நின்று யோசியுங்கள்.