ஆயிரத்து இருநூறு கலோரி

“கரண்டியத் தட்டாத ஷாமலா, நான் என்ன குருவியா—”

“தட்டாம எப்படி மிஸ், தராசு காட்டுதே—”

“—கொத்தித் தின்ன? நேத்துக் காலையிலருந்து இதே கூத்து!”

“டாக்டர் உங்க அட்டையில எழுதினது ஆயிரத்து இருநூறு. அதுலருந்து நான் ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல.”

தெரேசா மிஸ் தட்டோடு சமையலறைக்கே வந்துவிட்டார். அதில் எழுபது கிராம் சோறு, ஓரத்தில் கொஞ்சம் பருப்பு. குண்டசாலையிலுள்ள இந்த முதியோர் இல்லத்துக்கு அவர் வந்து மூன்று வாரம். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் கண்டியில் கன்னியர் மடம் நடத்திய ஒரு பெண்கள் விடுதிக்கு அவர்தான் பொறுப்பாளர். பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அந்த விடுதியில் தங்கிப் படித்தவள், இந்தச் சமையலறையை இப்போது நடத்துகிற ஷாமலா. முதல் நாளே தான் யாரென்று சொன்னாள். “தோட்டத்துப் பிள்ளைங்க எத்தனையோ பேர்” என்று சொல்லிவிட்டு மிஸ் போய்விட்டார்.

“மனையியல் படிப்பிச்சவ நான். எனக்கே நீ கணக்குக் காட்டுறியா?”

“அப்ப சொல்லுங்களேன். சாப்பாட்டு மணி அடிச்சா ஜெபம் முடிஞ்சதும் எங்கள ஒரு பாடம் சொல்ல வைப்பீங்களே. சொன்னாத்தானே கஞ்சி.”

“ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடேற்றும் வெப்பம் ஒரு கலோரி.” மிஸ்ஸுக்கு அது மறக்கவில்லை. “பிரான்ஸ்ல இருநூறு வருஷத்துக்கு முன்ன வச்ச அளவு. பிறகு வந்தவங்க கிலோவ கிராமாக்கினாங்க. பெரிய கலோரி, சின்ன கலோரின்னு ரெண்டாச்சு. அதுக்கென்ன இப்ப?”

“அதுக்கும் பிறகு ஒண்ணு வந்திச்சே மிஸ். அத மட்டும் நீங்க சொல்லித் தரல. ஜூல்.”

தட்டைப் பிடித்திருந்த கை இறங்கியது.

“ஒரு கலோரிக்கு நாலு கிலோஜூலுக்கும் கொஞ்சம் மேல. உங்களுக்கு நேத்துலருந்து நான் போடுறது ஆயிரத்து இருநூறு கிலோஜூல். கால் பங்கு. எப்படி இருக்கு?”

“பாவி!”

“ஆஸ்திரேலியாவுலருந்து கஞ்சிமாப் பெட்டி வந்த அந்தப் பள்ளித் தவணை ஞாபகம் இருக்கா? காலையும் ராவும் தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு அதுதான். உங்க புத்தகத்துல ரெண்டு வேளைக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு கலோரி. பெட்டியில அச்சடிச்சிருந்தது கிலோஜூல். நீங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு அளந்தீங்க. பத்தலன்னு அழுதோம். ‘விஞ்ஞானம் பொய் சொல்லாது, உங்க வயிறுதான் பொய் சொல்லுது’ன்னீங்க.”

“நான் அப்படியெல்லாம்—”

“அங்கயே என்னோட இருந்த என் தங்கச்சி சாதாரண தரப் பரீட்சையில, கணக்குத் தாள் மேலேயே மயங்கி விழுந்தா மிஸ். வகுப்புல கணக்குக்கு அவதான் முதல். இன்னைக்கும் பன்வில மலையில கொழுந்து பறிக்கிறா.”

“தெரியாம நடந்தது ஷாமலா. மாதா மேல சத்தியம்.”

“தெரியாமத்தானே?”

“தெரியாமத்தான். பெட்டி அனுப்பின ஆளுங்க கடுதாசி போட்டு விளக்கின பிறகுதானே எனக்கே—”

ஷாமலா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“கடுதாசி வந்திச்சா?”

“மடத்து மதர் கண்டா என்ன நினைப்பாங்க சொல்லு. அளந்து போட்டவ நான். அலுமாரியில வச்சுப் பூட்டிட்டேன்.”

இந்தக் கடிதத்தை ஷாமலா எதிர்பார்க்கவில்லை. மிஸ்ஸின் அளவுத் தவறை மட்டும்தான் அவர் வாயால் சொல்ல வைக்க நினைத்திருந்தாள். தட்டை வாங்கினாள். தராசைத் தள்ளிவிட்டு மூன்று அகப்பைச் சோறு குவித்தாள். பருப்பு ஊற்றி, பொரித்த மீன் இரண்டு வைத்து, கதிரையை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க மிஸ். நல்லா சாப்பிடுங்க.”

மிஸ் உட்கார்ந்த வேகத்தில் கதிரை கிறீச்சிட்டது. முதல் கவளத்தைப் பிசையும்போது ஷாமலா ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் அழைப்பு ஏழு நிமிடம் ஓடியிருந்தது.

“தங்கச்சி லைன்ல இருக்கா. எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தா.”

கவளம் விரல்களிலேயே நின்றது. போனுக்குள் மலைக்காற்று இரைந்தது. தூரத்தில் யாரோ கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டார்கள். பிறகு அந்தக் குரல், கோபமே இல்லாமல், வகுப்பில் எழுந்து நின்று கேட்பதுபோலக் கேட்டது:

“மிஸ், அந்தக் கடுதாசி வந்தது என் பரீட்சைக்கு முன்னாடியா, பின்னாடியா?”